வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: சனவரி 20, 1823) பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவையை 1802 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கி, தமது இறப்பு வரை நடத்தியவர் இவரே. இரு ஊர்களுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பாதையில் நடந்து அளக்காமல், புவியின் வளைவையும் கணக்கில் கொண்டு நேராகக் கண்டறியும் முறையைத் தென்னிந்தியா முழுவதற்கும் முதன்முதலில் விரிவாகச் செயற்படுத்தியவரும் இவரே. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயான வான்வழித் தூரம் என இன்று குறிக்கப்படும் எண்ணும், அதிலிருந்து கணிக்கப்படும் பறப்பு நேரமும் இதே வகை அளவையின் வழிவந்தவை. இவரது பணி 1808 ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் ஒரு கயிறு அறுந்ததால் ஏறத்தாழ நின்றுபோகும் நிலைக்கு வந்தது.

பிறப்பும் படைப்பணியும்

லாம்டன் இங்கிலாந்தின் வட யார்க்சயர் பகுதியில், நார்த்தலர்டன் என்னும் ஊருக்கு அருகிலுள்ள கிராசுபி கிரேஞ்சு என்னும் இடத்தில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1753 என்றும் 1756 என்றும் இருவேறாகக் குறிக்கப்படுகிறது. கணிதத்தில் இவருக்கு இளமையிலேயே நாட்டம் இருந்தது. படையில் சேர்ந்த இவர் அமெரிக்க விடுதலைப் போரின்போது வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்த பின்னர் பல ஆண்டுகள் இன்றைய கனடாவைச் சேர்ந்த நியூ பிரன்சுவிக்கில் நில அளவை செய்தும் படைக் குடியிருப்புகளை மேற்பார்த்தும் வந்தார். அங்கு சூரிய கிரகணத்தை உற்றுநோக்கியபோது ஒரு கண்ணின் பார்வை பழுதுபட்டதாகக் கூறப்படுவதுண்டு. கணித நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்ததும் இக்காலத்திலேயே ஆகும்.

1796 ஆம் ஆண்டளவில், தமது 33 ஆம் படைப்பிரிவுடன் சேரும்பொருட்டு இவர் இந்தியாவுக்கு வந்தார். அப்போது அப்பிரிவின் தலைவராக இருந்தவர் ஆர்தர் வெல்லசுலி. பிற்காலத்தில் வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்று வெலிங்டன் கோமகன் எனப் பெயர்பெற்றவர் இவரே. வயதில் மூத்தவராயினும் லாம்டன் இன்னும் கீழ்நிலை அதிகாரியாகவே இருந்தார். இவர் எழுதிய முதற் கட்டுரைகளுள் ஒன்று கோட்டை மதில்களின் கோட்பாடு பற்றியது. அது கல்கத்தாவின் ஆசியக் கழக வெளியீட்டில் 1799 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மதில்களைப் பற்றி எழுதியவரின் கருவி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோயிற்சுவரில் மோதிச் சிதைந்தது வியப்பான ஒற்றுமை எனலாம்.

நான்காம் மைசூர்ப் போரில் லாம்டன் பங்கேற்றார். சிரீரங்கப்பட்டணம் முற்றுகையின்போது ஓர் இரவு, தளபதி பேர்டு தலைமையில் சென்ற படை வடக்கே செல்வதற்கு மாறாகத் தெற்கே, திப்பு சுல்தானின் காவல் அணிகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வானத்திலிருந்த விண்மீன்களைக் கொண்டு திசை தவறியதை உணர்ந்த லாம்டன் தளபதியிடம் அதைத் தெரிவித்தார். படை திரும்பியது. 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்து, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார்.

அளவைத் திட்டம்

மைசூர்ப் போருக்குப் பின்னர் தென்னிந்தியாவின் பெரும்பகுதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆதிக்கத்துக்குள் வந்தது. தஞ்சாவூர் அரசின் ஆட்சியுரிமையை 1799 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் கம்பனி எடுத்துக்கொண்டது. அரசர் இரண்டாம் சரபோசிக்குக் கோட்டையும் அரண்மனையும் ஓய்வூதியமும் மட்டுமே எஞ்சின. கர்நாடக நவாபின் நாடு 1801 இல் கம்பனி வசமாயிற்று. கட்டபொம்மன் 1799 அக்டோபரிலும் மருது சகோதரர்கள் 1801 அக்டோபரிலும் தூக்கிலிடப்பட்டனர். நிலவரைபடம் தேவைப்பட்டது வரி வாங்கவும் படை நடத்தவுமே என்பதை இப்பின்னணியிலிருந்து அறியலாம். லாம்டனின் பணியும் இந்த ஆட்சியின் செலவில், அதன் தேவைக்காகவே ஏற்கப்பட்டது.

ஆயினும் லாம்டனின் நோக்கம் வரைபடத்தோடு நிற்கவில்லை. புவி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்று நியூட்டன் கணித்திருந்தார். 18 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் வடதுருவத்தை அடுத்த இலாப்லாந்திலும் நிலநடுக்கோட்டை அடுத்த பெரு நாட்டிலும் அளந்து அதனை உறுதிப்படுத்தினர். ஓர் அட்சரேகைப் பாகையின் நீளம் நிலநடுக்கோட்டில் சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தில் சுமார் 111.7 கிலோமீட்டர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே உள்ள இவ்வேறுபாடு சிறிது போலத் தோன்றும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்களை அளக்கும்போது இதனைப் புறக்கணித்தால் இடங்கள் தமது இருப்பிடத்திலிருந்து பெயர்ந்துவிடும். இந்தியாவில் இவ்வளவு தெற்கே இவ்வளவு நீண்ட வில்லை அளந்தவர் அதுவரை எவரும் இலர். அதைச் செய்ய லாம்டன் விரும்பினார். ஆர்தர் வெல்லசுலியின் பரிந்துரையால் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் இசைவு இவருக்குக் கிடைத்தது.

அதற்கு முன்னர் நம் நாட்டில் தூரம் பெரும்பாலும் நடையாலேயே அறியப்பட்டது. தமிழில் வழங்கிய காதம், நாழிகை வழி ஆகிய அளவுகள் இதனைக் காட்டும். நாழிகை வழி என்பது ஒரு நாழிகை நேரத்தில் நடந்து கடக்கும் தொலைவு ஆகும். காலத்தைக் கொண்டு தூரத்தைச் சொன்ன இவ்வழக்கு, இன்று இரு நகரங்களின் இடைவெளியை விமானம் பறக்கும் நேரத்தால் சொல்வதற்கு ஒப்பானது. இவ்வளவுகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. ஐரோப்பிய அளவையாளர்கள் கைச்சக்கரத்தை உருட்டிப் பாதைகளை அளந்தனர். பாதை வளைந்தால் தூரமும் நீண்டது.

சென்னை அடிக்கோடு

முக்கோண அளவையின் அடிப்படை எளியது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கத்தை அடுத்த முக்கோணத்தின் அடியாகக் கொண்டு மேலும் செல்லலாம். எனவே தரையில் உண்மையாக அளக்க வேண்டியது ஒரேயொரு கோடு மட்டுமே. அதற்கு அடிக்கோடு என்று பெயர். அதில் ஏற்படும் பிழை எல்லா முக்கோணங்களுக்கும் பரவும் என்பதால், அது மிக நுணுக்கமாக அளக்கப்பட வேண்டும்.

லாம்டன் தமது அடிக்கோட்டைப் பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அமைத்தார். வேலை 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கியது. கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை அடுத்தடுத்து வைத்து இது அளக்கப்பட்டது. சங்கிலி தரையில் கிடக்கவில்லை. முக்காலிகள் தாங்கிய மரத்தொட்டிகளில் கிடத்தப்பட்டு, திருகாணிகளால் மட்டம் பார்க்கப்பட்டது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் மேலே கூடாரம் இடப்பட்டு, ஒவ்வொரு முறையும் வெப்பமானி பார்க்கப்பட்டது. சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னை வெயிலை அறிந்தவர்களுக்கு இவ்வேலையின் கடுமை விளங்கும். சங்கிலியும், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் உச்சிக்கோணக் கருவியும் வந்த வழியும் விந்தையானது. பிரித்தானியத் தூதுக்குழு ஒன்று 1793 இல் சீனப் பேரரசருக்குக் கொண்டு சென்று, அங்கு விரும்பப்படாத பொருட்களில் சேர்ந்தவை இவை. பின்னர் கல்கத்தாவில் விலைக்கு வாங்கப்பட்டன.

கோணங்களை அளக்கும் தியோடலைட்டு இலண்டனில் வில்லியம் கேரி என்பவரால் செய்யப்பட்டது. அதன் கிடைவட்டம் 36 அங்குல விட்டமுடையது. கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரிசியசுத் தீவுக்குக் கொண்டு சென்றனர். பெட்டியில் இருந்தது அறிவியற் கருவி என்று கண்ட பிரெஞ்சு ஆளுநர், பகைவர் பொருளாயினும் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

முதலில் கடற்கரையை ஒட்டித் தெற்கே கடலூர்ப் பகுதி வரை முக்கோணங்கள் அமைக்கப்பட்டன. பின்னர் தீபகற்பத்தின் குறுக்கே சென்னையிலிருந்து மங்களூர் வரை அளவை சென்றது. சென்னை அட்சரேகையில் தீபகற்பத்தின் அகலம் சுமார் 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் காட்டின. லாம்டன் அளந்தபோது அது 360 மைல் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம், வரைபடத்தில் மட்டும் இருந்து மறைந்தது. இன்று சென்னை, மங்களூர் விமான நிலையங்களுக்கு இடையேயான வான்வழித் தூரம் சுமார் 573 கிலோமீட்டர், அதாவது 356 மைல்.

இக்காலத்தில் இவருக்கு உதவியவர்களுள் என்றி கேட்டர், சான் வாரன் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். கேட்டர் பின்னர் தமது பெயரால் வழங்கும் ஊசலைக் கண்டுபிடித்தார். வாரன் சென்னை வானியல் நிலையத்தின் பொறுப்பில் இருந்து, தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளைப் பற்றி விரிவான நூல் எழுதினார். சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்ற சோசுவா டி பென்னிங் லாம்டனின் இறுதிக்காலம் வரை உடனிருந்தார். கொடி பிடித்தவர்கள், விளக்கேற்றியவர்கள், மரம் வெட்டியவர்கள், கருவி சுமந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் இவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. காட்டுக் காய்ச்சலால் மிகுதியாக மாண்டவர்கள் அவர்களே.

நிதிக் குழுவின் ஐயம்

அளவை நீண்டுகொண்டே சென்றதால் செலவும் வளர்ந்தது. இதனால் என்ன பயன் என்ற வினா சென்னையில் எழுந்தது. சிரீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்பும் பயணி தமது பல்லக்குத் தூக்குவோரின் தலைவனிடம் சொன்னால் போதும், அவன் லாம்டனின் வரைபடம் இல்லாமலே கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்ற பொருளில் நிதிக் குழு உறுப்பினர் ஒருவர் ஏளனமாகக் கருத்துரைத்தார். பயணிக்கு வழி தெரிந்தால் போதும், தூரம் எதற்கு என்பது அவரது வாதம். அக்கால நிலையில் இவ்வாதம் முற்றிலும் பொருளற்றதும் அன்று. பல்லக்கு பாதையில்தான் செல்லும். வழியற்ற வானத்தில் செல்லும் ஊர்திக்கு முதலில் தேவைப்படுவது நேர்த்தூரமும் திசையுமே என்பது அன்று எவருக்கும் தோன்றியிருக்க முடியாது. இங்கிலாந்தின் அரச வானியலாளர் நெவில் மாசுகெலின் லாம்டனுக்கு ஆதரவாக எழுதினார். அளவை தொடர்ந்தது.

காவிரிப் படுகையில்

கோவைப் பகுதியில் 1806 ஆம் ஆண்டில் மற்றுமோர் அடிக்கோட்டை அளந்த பின்னர் லாம்டன் தெற்கு நோக்கி வேலையைத் தொடர்ந்தார். தமது முக்கோண வலையைக் கிழக்குக் கடற்கரையோடு இணைப்பதற்குக் காவிரிப் படுகையைக் கடக்க வேண்டியிருந்தது. மைசூரிலும் சேலத்திலும் குன்றின்மேல் கருவியை வைத்தால் அடுத்த குன்று தெரிந்தது. தஞ்சைச் சீமையில் குன்றுகள் இல்லை. தஞ்சாவூருக்குக் கிழக்கே மன்னார்குடி, திருவாரூர், திருத்துறைப்பூண்டி எனக் கடல் வரை நிலம் மட்டமாகவே செல்கிறது. நெல்வயல்களின் வரப்பில் நின்றால் எதிரேயுள்ள தென்னந்தோப்பும் மூங்கிற்புதரும் பார்வையை மறைத்துவிடும். எவ்வளவு செழிப்பான நாடோ அவ்வளவு அளவைக்கு ஒவ்வாதது.

இங்கு மரங்களுக்கு மேல் எழுந்தவை கோயில்களே. ஆகவே லாம்டன் விமானங்களையும் கோபுரங்களையும் அளவை நிலையங்களாகக் கொள்ளத் துணிந்தார். இதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். 66 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 29 கிலோமீட்டர் தொலைவில் அமையும். 47 மீட்டர் உயரத்தில் அது சுமார் 24 கிலோமீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் முதலாவதை ஒத்த உயரமும், மன்னார்குடி இராசகோபாலசுவாமி கோயிலின் இராசகோபுரம் இரண்டாவதை ஒத்த உயரமும் உடையன. இவற்றுக்கு இடையே நேர்த்தூரம் சுமார் 37 கிலோமீட்டர். இரண்டு தொடுவானங்களையும் கூட்டினால் 53 கிலோமீட்டர் வருவதால், புவியின் வளைவு இவற்றை ஒன்றுக்கொன்று மறைக்காது. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு மேலும் 25 கிலோமீட்டர் அளவே உள்ளது. சோழரும் நாயக்கரும் எழுப்பிய உயரங்கள் படுகையில் குன்றுகளின் குறையைத் தீர்த்தன.

ஆயினும் கோயிலின்மேல் கருவியை வைப்பது எளிதன்று. கோபுரத்தின் உச்சியிலிருந்து தொலைநோக்கியால் பார்ப்பவர் வீட்டு முற்றங்களையும் பெண்களையும் காண்பார் என்ற அச்சம் இந்தியாவின் பல இடங்களில் இருந்தது. அக்காலத் தொலைநோக்கிகள் காட்சியைத் தலைகீழாகக் காட்டியதால் இந்த அச்சம் இன்னும் மிகுந்தது.

தஞ்சாவூர் விபத்து

1808 ஆம் ஆண்டில் தியோடலைட்டு தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் ஏற்றப்பட்டது. முதலாம் இராசராச சோழனால் கட்டப்பட்டு 1010 ஆம் ஆண்டில் நிறைவெய்திய அவ்விமானம் இருநூறு அடிக்கு மேல் உயரமுடையது. அரை டன் எடையுள்ள கருவியைப் பெட்டியிலிட்டுக் கயிறுகளாலும் கப்பிகளாலும் மேலே இழுத்தனர். பெட்டி சுவரில் படாதவாறு அதை விலக்கிப் பிடிக்கும் கயிறு ஒன்று உண்டு. பெட்டி மேலேறிக்கொண்டிருக்கையில் அக்கயிறு அறுந்தது. பெட்டி ஊசலாடிக் கற்சுவரில் மோதியது. கருவியின் உயிர்நாடியான கிடைவட்டம் வளைந்து உருக்குலைந்தது.

இழப்பின் அளவைப் புரிந்துகொள்ள, அவ்வட்டம் எதற்குப் பயன்பட்டது என்பதை நோக்க வேண்டும். ஒரு வட்டம் 360 பாகைகளாகவும், ஒரு பாகை 60 கலைகளாகவும், ஒரு கலை 60 விகலைகளாகவும் பகுக்கப்படும். 36 அங்குல விட்டமுள்ள வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் நானூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. அந்த ஒரு விகலை தவறினால் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோபுரம் சுமார் 19 சென்டிமீட்டர் இடம்பெயர்ந்து தோன்றும். கண்ணுக்குத் தெரியாத வளைவே பிழையாகும் கருவியில், கண்ணுக்குத் தெரியும்படி வளைவு ஏற்பட்டுவிட்டது. இதற்கு மாற்றாக வேறொரு கருவி தென்னிந்தியாவில் இல்லை. இலண்டனில் புதிதாகச் செய்வித்துக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும். செலவைக் குறைகூறி வந்தவர்களுக்குப் பணியை நிறுத்த இதைவிட நல்ல காரணமும் கிடைத்திராது.

லாம்டன் கருவியைக் கைவிடவில்லை. தேர்ந்த சில கைவினைஞர்களைத் தவிர எவரையும் உள்ளே விடாமல், தனித்திருந்து பழுது பார்த்தார். கருவி முழுவதும் பிரிக்கப்பட்டது. தட்டையான பலகை ஒன்றில் வட்டத்தின் சரியான அளவு வரைந்து வெட்டப்பட்டது. வளைந்த விளிம்பு ஆப்புகளாலும் திருகாணிகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக இழுக்கப்பட்டு அவ்வளவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆறு வாரங்களில் வட்டம் ஏறத்தாழப் பழைய வடிவை அடைந்தது. முழுமையாக அடைந்தது என்று கூற முடியாது. எஞ்சிய பிழையைக் குறைக்க, ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் பலமுறை அளந்து சராசரி காணும் முறையே உதவியாக இருந்தது. இதன் பின்னரும் பல ஆண்டுகள் அதே கருவியே அளவையில் பயன்பட்டது. 1830களில் கல்கத்தாவில் என்றி பாரோ என்னும் கருவி வல்லுநர் அதைச் செப்பனிட்டார்.

குமரிமுனை முதல் வடக்கே

படுகையைக் கடந்த பின் லாம்டன் திருநெல்வேலிச் சீமையில் மேலும் ஓர் அடிக்கோட்டை அளந்து, குமரிமுனை அருகே தமது வில்லின் தென்முனையை அமைத்தார். முக்கோணங்களால் கணித்த நீளமும் சங்கிலியால் அளந்த நீளமும் நெருங்கி ஒத்துவந்தன. பின்னர் வேலை வடக்கே திரும்பி, 78 ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் கூட்டி, பீதர் வழியாகச் சென்றது. இந்த நீண்ட கோடு பின்னாளில் பெரும் வில் எனப்பட்டது.

1817 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் இவரை உறுப்பினராக்கியது. பிரெஞ்சு அறிவியற் கழகமும் சிறப்பித்தது. 1818 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அளவை சென்னை அரசிடமிருந்து தலைமை ஆளுநரின் நேரடிப் பொறுப்புக்கு மாறி, இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவை எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டில் உதவியாளராக நியமிக்கப்பட்டவர் சார்ச்சு எவரெசுட்டு. லாம்டன் காலத்தில் அளக்கப்பட்ட பரப்பு சுமார் 1,65,000 சதுர மைல்.

எழுபது வயதை நெருங்கிய நிலையிலும் லாம்டன் களப்பணியை விடவில்லை. ஐதராபாத்திலிருந்து நாக்பூருக்குச் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிர மாநிலத்திலுள்ள இங்கண்காட் என்னும் ஊரில் 1823 சனவரி 20 அன்று காசநோயால் இறந்தார். இவரது கல்லறை அவ்வூரிலேயே உள்ளது. சென்னைப் பரங்கிமலையில் இவரது மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. இமயத்தின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865 இல் எவரெசுட்டின் பெயர் சூட்டப்பட்டது. அச்சிகரத்தின் உயரத்தைக் கணித்ததில் வங்காளக் கணிதர் இராதாநாத் சிக்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. அளவையைத் தொடங்கியவரின் பெயர் அவ்வளவு பரவவில்லை.

வான்வழித் தூரமும் பறப்பு நேரமும்

லாம்டனின் அளவுகளைக் கொண்டு எவரெசுட்டு 1830 ஆம் ஆண்டில் புவியின் வடிவத்துக்கு ஓர் உருமாதிரியைக் கணித்தார். துருவங்களில் சற்று அமுங்கிய உருண்டை வடிவம் அது. இந்திய நிலவரைபடங்கள் நெடுங்காலம் அதன்மீதே வரையப்பட்டன. லாம்டன் அளந்த தென்பகுதி 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேம்பட்ட கருவிகளால் மீண்டும் அளக்கப்பட்டது. இன்றைய வானூர்திப் போக்குவரத்து, செயற்கைக்கோள்களைச் சார்ந்த உலகப் புவியளவை முறையைப் பின்பற்றுகிறது. பன்னாட்டு வானூர்தி அமைப்பு 1998 சனவரி 1 முதல் இதனைப் பொது முறையாக்கியது. எண்கள் திருந்தின. புவியின் வடிவத்தை முதலில் அறிந்து, அதன்மேல் இரு புள்ளிகளின் இடைவெளியைக் கணக்கிடும் வழி மாறவில்லை.

இரு விமான நிலையங்களின் தூரம் என்பது அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகைகளிலிருந்து கணிக்கப்படும் பெருவட்டத் தூரம் ஆகும். வானூர்தியில் வழங்கும் கடல் மைல் என்ற அளவும் அட்சரேகையில் ஒரு கலையின் நீளத்திலிருந்து பிறந்தது. இப்போது அது 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது. எனவே ஒரு பாகை ஏறத்தாழ 60 கடல் மைல்.

தமிழ்நாட்டு மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். திருச்சிராப்பள்ளி விமான நிலையம் சுமார் 10.77 பாகை வடக்கு, 78.71 பாகை கிழக்கில் உள்ளது. திருத்துறைப்பூண்டி சுமார் 10.53 வடக்கு, 79.63 கிழக்கு. இப்பகுதியில் ஓர் அட்சரேகைப் பாகை 110.6 கிலோமீட்டரும், ஒரு தீர்க்கரேகைப் பாகை 109.4 கிலோமீட்டரும் ஆகும். வடக்கு தெற்காக வேறுபாடு 26.5 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 100.6 கிலோமீட்டர். பிதாகரசு தேற்றப்படி நேர்த்தூரம் சுமார் 104 கிலோமீட்டர். தஞ்சாவூர், மன்னார்குடி வழியாகச் சாலையில் செல்பவர் ஆறுகளின் பாலங்களையும் ஊர்களையும் தொட்டுச் செல்வதால் இதைவிடக் கூடுதலான தூரம் செல்ல நேரும். இவ்வளவு குறுகிய தொலைவில் சமதளக் கணக்கே போதும். தொலைவு மிகும்போது கோளக் கணக்கு வேண்டும். பெரிய முக்கோணங்களின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகைக்குச் சற்று மேல் வருவதை லாம்டன் தமது களப்பணியில் கணக்கில் கொள்ள வேண்டியிருந்ததும் இக்காரணத்தாலேயே.

அதே முறையில் திருச்சிராப்பள்ளி, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 293 கிலோமீட்டர், அதாவது 158 கடல் மைல் வரும். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சுழல்விசிறி விமானம் இத்தூரத்தை 35 நிமிடங்களில் கடந்துவிட வேண்டும். ஆனால் கால அட்டவணைகளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறிக்கப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, முழு வேகத்தை அடைவது, மீண்டும் இறங்குவது, தரையிறங்கும் முறைக்காகச் சுற்றுவது ஆகியவை எஞ்சிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. எதிர்க்காற்று நேரத்தைக் கூட்டும், பின்காற்று குறைக்கும். தூரம் குறுகியதாயின், மொத்த நேரத்தில் இவற்றின் பங்கு பெரிதாகும். இதனால் இருமடங்கு தூரத்துக்கு இருமடங்கு நேரம் ஆவதில்லை. பறப்பு நேரம் நாளுக்கு நாள் மாறும், தூரம் மாறாது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து செல்லும் விமானங்கள் இறங்கும் சென்னை விமான நிலையம் மீனம்பாக்கத்தில், பரங்கிமலைக்கு அருகில் அமைந்துள்ளது. அதன் முதன்மை ஓடுபாதை சுமார் 3.66 கிலோமீட்டர் நீளமுடையது. 1802 ஆம் ஆண்டு கோடை வெயிலில் லாம்டனின் ஆட்கள் சங்கிலியை வைத்து அளந்த அடிக்கோடு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீளமானது.